தரங்கம்பாடி என்றால் கோட்டையும் அச்சகமும் மட்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் ஜூலை 9-ஆம் நாளை ஒட்டித் தரங்கம்பாடியைப் பற்றிக் கட்டுரை வெளியிடுவது நம் நாளிதழ்களுக்கு வழக்கமாகிவிட்டது. 1706-இல் அந்த நாளில்தான் ஜெர்மானிய லுத்தரன் மிஷனரிகளான சீகன்பால்குவும் புளூட்சோவும் டேனிஷ் கப்பலில் வந்து அங்கே இறங்கினார்கள். ரகுநாத நாயக்கர் காலத்து உடன்படிக்கை, 1620-இல் எழத் தொடங்கிய டேனிஷ் கோட்டை, 1715-இல் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாடு, பொறையாற்றில் நடந்த காகித ஆலை, கடைசியாகக் கடற்கரையின் ஓசோன் காற்று என்று கட்டுரையின் வரிசை மாறுவதே இல்லை. இவற்றில் ஓசோன் மட்டும் அளவுக்கு மீறிப் பேசப்படுகிறது என்பது என் எண்ணம். மற்றவை சொல்லப்பட வேண்டியவைதான். ஆனால் அந்த ஊரில் வேர்விட்ட லுத்தரன் மரபு (மார்ட்டின் லுத்தரின் வழிவந்த புராட்டஸ்டன்ட் சபை மரபு), சமாதானத்துக்காகவும் எளியவர்களின் நியாயத்துக்காகவும் இந்த டெல்டாவில் என்ன செய்தது, என்ன செய்யத் தவறியது, அதே மரபினர் உலகின் பிற பகுதிகளில் இதற்காக எவ்வளவு தூரம் சென்றார்கள் என்பதற்கு அக்கட்டுரைகளில் ஒரு பத்திகூடக் கிடைப்பதில்லை. நான் லுத்தரன் சபையைச் சேர்ந்தவன் அல்லன். சைவக் குடும்பத்தில் பிறந்து, அவர்களுடைய பள்ளியில் படித்து, பிறகு அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். வெளியில் இருந்து பார்ப்பவனுக்குச் சில செய்திகள் தெளிவாகத் தெரியும் என்ற துணிவில் எழுதுகிறேன்.

கோட்டையைப் பார்க்கச் செல்வோர் அங்கே சீகன்பால்கு நான்கு மாதங்களுக்குச் சற்றுக் கூடுதலாகச் சிறை வைக்கப்பட்டிருந்தார் என்பதை அறிந்து திரும்புவதில்லை. அவரைச் சிறையில் அடைத்தவர்கள் நம் அரசர்களோ ஊர்ப் பெரியவர்களோ அல்லர். அவரை அனுப்பிய மன்னரின் கொடியின்கீழ் அக்கோட்டையை ஆண்ட டேனிஷ் தளபதியே. 1708-இல் முடிதிருத்தும் தொழிலாளி ஒருவரின் விதவை, இறந்த கணவர் தொடர்பான ஒரு கடன் வழக்கில் சிக்கினார். எதிராளி கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த செல்வாக்குள்ள மனிதர். அந்தப் பெண்ணுக்காகச் சீகன்பால்கு மீண்டும் மீண்டும் தலையிட்டார், தளபதி அழைத்தபோது எழுத்துமூலமான ஆணை வேண்டும் என்றார், கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்தார், சிறைக்குப் போனார். தமக்குச் சோறும் பாதுகாப்பும் தந்த அதிகாரத்தோடு ஓர் ஏழை விதவையின் பொருட்டு மோதிய நிகழ்ச்சி அந்த மிஷனின் மூன்றாம் ஆண்டிலேயே நடந்திருக்கிறது.

அதற்காக அவரைத் தொடக்கம் முதலே சமய நல்லிணக்கத்தின் தூதராகச் சித்திரிப்பதும் பொருந்தாது. தரங்கம்பாடிக்கு அருகில் ஒரு கோவிலில் இருந்த உருவங்கள் சிலவற்றைக் கீழே தள்ளியும் சிலவற்றின் தலைகளை உடைத்தும் வந்ததாக அவரே எழுதி வைத்திருக்கிறார். அங்கிருந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் அவரை எதிர்த்து வாதாடியதையும் அவரே பதிவு செய்திருக்கிறார். அப்படி வந்தவர்தான் சில ஆண்டுகளுக்குள் தமிழ்ச் சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். 1712 முதல் தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பி, அவர்களுடைய சமயத்தையும் வழக்கங்களையும் அவர்களே தங்கள் சொற்களில் எழுதித் தரும்படி கேட்டார். நம் தெய்வங்களைப் பற்றி 1713-இல் அவர் எழுதி முடித்த நூலை அவருடைய ஜெர்மானியத் தலைவர்கள் அச்சிட விரும்பவில்லை. அது சென்னையில் 1867-இல்தான் வெளிவந்தது. மதமாற்றமே அவருடைய நோக்கம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அடுத்த வீட்டுக்காரனின் நம்பிக்கை என்னவென்று அவனிடமே கேட்டு எழுதிக்கொள்ளும் பழக்கம் கைவந்த பிறகு, சிலையை உடைக்கும் கை தானாகத் தாழ்ந்துவிட்டது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பின்னால் வந்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் காலத்துக்கு வந்தால் இந்தக் கதை நேராக வயலுக்கு இறங்குகிறது. 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு திருச்சியில் பல ஆண்டுகள் ஊழியம் செய்து, இறுதியில் தஞ்சாவூரில் நிலைத்து 1798-இல் அங்கேயே மறைந்தவர் அவர். 1779-இல் சென்னையின் ஆங்கிலேய நிர்வாகம் அவரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஹைதர் அலியிடம் தூதனுப்பியது. ஹைதர் அவரை மரியாதையுடன் நடத்தி, வழிச்செலவுக்கென்று 300 ரூபாய் தந்தார். அந்தப் பணத்தைத் தமக்கு வைத்துக்கொள்ள மனமில்லாத சுவார்ட்ஸ், அதைத் தஞ்சையில் பிள்ளைகளுக்கான பள்ளிக்கு முதலாக ஆக்கினார். தூது பலிக்கவில்லை, மறு ஆண்டே போர் மூண்டது. தோற்றுப்போன தூதைப் பற்றி இவ்வளவு பேசுவானேன் என்று கேட்கலாம். அதன் பின் நடந்தவைதான் அவரை டெல்டாக்காரர்கள் நினைவில் வைக்க வேண்டியதற்குக் காரணம்.

ஊர் வழக்கில் ‘ஐதர் கலாபம்’ எனப்பட்ட அந்த அழிவுக்காலத்தில் தஞ்சைக் கோட்டைக்குள் பட்டினியால் மக்கள் தெருவில் விழுந்து செத்தார்கள். வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. ஏற்றி வர மாடு இல்லை. மாடு வைத்திருந்தவர்கள் வர மறுத்தார்கள், ஏனெனில் முன்பு கொண்டுவந்தவர்களுக்குக் கூலியும் கொடுக்காமல் விரட்டியிருந்தார்கள். அரசரின் ஆணைக்கும் ஆங்கிலேயரின் ஆணைக்கும் அசையாத உழவர்கள், ‘உங்கள் பணத்துக்கு நான் பொறுப்பு’ என்று சுவார்ட்ஸ் எழுதிய கடிதத்தை நம்பினார்கள். இரண்டு மூன்று நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் திரண்டன. 80,000 கலம் நெல் கோட்டைக்கு வந்தது. சில ஆண்டுகள் கழித்து, வரி வாங்கியோரின் கொடுமை தாங்காமல் குடியானவர்கள் ஊரைக் காலி செய்து வெளியேறி, சாகுபடிப் பருவம் தப்பிவிடும் நிலை வந்தபோதும் இதுவே நடந்தது. திரும்பி வாருங்கள் என்று அரசர் சொன்னதை அவர்கள் நம்பவில்லை. சுவார்ட்ஸ் உறுதி சொன்ன பின் ஒரே நாளில் 7,000 பேர் திரும்பி வந்தார்கள் என்பது அவருடைய கடிதங்களிலிருந்து தெரிகிறது. டெல்டாவில் சமாதானம் என்பது அன்றும் நெல்லும் கூலியும் அளவும் பற்றிய செய்தியாகவே இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்றை நான் வேறெங்கும் படித்ததில்லை. ஆனாலும் நம் பாடநூல்களில் சுவார்ட்ஸ், இரண்டாம் சரபோஜியின் ஆசான் என்ற ஒரே வரியோடு முடிந்துவிடுகிறார்.

இனிச் செய்யத் தவறியதைச் சொல்ல வேண்டும். 1733 டிசம்பர் 28 அன்று ஆரோன் என்பவர் தரங்கம்பாடி மிஷனின் முதல் தமிழ்ப் போதகராகக் குருப்பட்டம் பெற்றார்; இது பெருமையாக நினைவுகூரப்படுகிறது, கூரப்படவும் வேண்டும். அவர் வேளாளர். அதே காலத்தில் தஞ்சை அரசரின் படையில் சேவை செய்து, புதிய ஏற்பாட்டைத் தாமே படித்து இந்தச் சபைக்கு வந்து, தஞ்சை நாட்டுக் கிராமங்களில் உபதேசியாராகப் பல பத்தாண்டுகள் உழைத்த ராஜநாயக்கன் என்பவருக்கு அந்தப் பட்டம் கடைசிவரை கிடைக்கவில்லை. அவர் பறையர் குலத்தில் பிறந்தவர். அவர் கையால் மற்றச் சாதிக் கிறிஸ்தவர்கள் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் கருதினார்கள். 1741-இல் அடுத்த பட்டம் தியோகு என்பவருக்குப் போயிற்று. உழவர்களின் நம்பிக்கையைப் பெற்ற சுவார்ட்ஸின் காலத்திலும் கிறிஸ்தவ ஆலயத்துக்குள் சாதிவாரியாகத் தனித்தனி இடம் இருந்தது. டேனியர்கள் 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன பின் அந்த ஊழியத்தை ஏற்ற ஜெர்மனியின் லைப்சிக் மிஷன், கார்ல் கிரவுல் போன்றோரின் தலைமையில், சாதி வழக்கத்தைச் சமூகப் பழக்கமாகக் கருதிப் பொறுத்துப்போகலாம் என்றே நிலை எடுத்தது. ஆங்கிலிக்கன் சபையினர் இதில் அவர்களைவிடக் கடுமையாக இருந்தார்கள். அமைதி குலையக் கூடாது என்று அன்று சொல்லப்பட்ட காரணத்தை இன்றும் எங்கள் வட்டாரத்தில் தேர்ப்பாதைக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் நடக்கும் பேச்சுவார்த்தைகளில் கேட்கலாம். யாருடைய அமைதி என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இந்தத் தடுமாற்றம் இந்த மண்ணில் மட்டும் தோன்றியதும் இல்லை. 1524, 1525 ஆண்டுகளில் ஜெர்மனியின் உழவர்கள் குத்தகைச் சுமைக்கும் அடிமைத்தனத்துக்கும் எதிராக எழுந்தபோது, லுத்தர் முதலில் பிரபுக்களைக் கடிந்துகொண்டார்; கலகம் பரவியதும் உழவர்களை இரக்கமின்றி அடக்கச் சொல்லிப் பிரபுக்களுக்கு எழுதினார். குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத, ஆயுதம் எடுக்க மறுத்த அனபாப்திஸ்துகளைக் கொல்வதற்கும் அவரும் அவருடைய தோழர் மெலாங்தனும் இசைந்தார்கள். யூதர்களைப் பற்றி 1543-இல் அவர் எழுதியது நாஜிகளின் கைக்குப் போனது. இவ்வளவு சுமையோடு வந்த ஒரு சபைக் குடும்பம், இருபதாம் நூற்றாண்டில் இவற்றை மறைக்காமல் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசத் தொடங்கியதே அவர்களுடைய சமாதானப் பணிக்கு நம்பகத்தன்மை தந்தது என்பது என் கணிப்பு.

1947-இல் சுவீடனின் லுந்து நகரில் உருவான லுத்தரன் உலகக் கூட்டமைப்பு, போரில் வீடிழந்த அகதிகளுக்கு உதவுவதைத் தன் முதல் வேலைகளில் ஒன்றாகக் கொண்டது. 1977-இல் தான்சானியாவின் தார்-எஸ்-சலாமில் கூடிய அதன் பேரவை, தென்னாப்பிரிக்க நிறவெறியை எதிர்ப்பது அரசியல் விருப்பத்தைப் பொறுத்தது அன்று, விசுவாசத்தின் அடிப்படையைச் சேர்ந்தது என்று அறிவித்தது. அறிவிப்போடு நின்றிருந்தால் நான் அதை இங்கே குறிப்பிட மாட்டேன். ஏழு ஆண்டுகள் கழித்து, 1984-இல் புடாபெஸ்டில் கூடிய பேரவை, நிறவெறியை வெளிப்படையாகக் கைவிடாத, தெற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இரண்டு வெள்ளையர் சபைகளின் உறுப்புரிமையை நிறுத்தி வைத்தது. சொந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர்களை, அதுவும் பணமும் படிப்பும் உள்ளவர்களை, ஏழை உறுப்பினர்களின் பொருட்டு வெளியே நிறுத்துவது எந்த அமைப்புக்கும் எளிதன்று. 2010 ஜூலையில் ஸ்டுட்கார்ட் பேரவை, முன்னோர் துன்புறுத்திய அனபாப்திஸ்துகளின் வழிவந்த மெனோனைட் சபையினரிடம் மன்னிப்புக் கேட்டது; பேராளர்கள் முழந்தாளிட்டோ எழுந்து நின்றோ அதற்கு ஒருமனதாக இசைவு தெரிவித்தார்கள். ராஜநாயக்கனுக்குச் செய்ததற்கு எங்கள் டெல்டாவில் அப்படி ஒருவரும் முழந்தாளிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

லைப்சிக் நகரத்தின் பெயர் நம் லுத்தரன் குடும்பங்களுக்குப் பாட்டன் காலத்திலிருந்தே பழக்கமானது. 1919-இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானதே லைப்சிக் மிஷனும் சுவீடன் மிஷனும் வளர்த்த சபைகளிலிருந்துதான். அந்த நகரின் நிக்கோலாய் ஆலயத்தில் 1982 முதல் திங்கட்கிழமைதோறும் சமாதான ஜெபம் நடந்தது. தொடக்கத்தில் சிலர் மட்டுமே வந்தார்கள். கிழக்கு ஜெர்மனியின் அரசு அதைக் கண்காணித்தது, வந்தவர்களைக் கைதும் செய்தது. 1989 அக்டோபர் 9 அன்று, துப்பாக்கிச் சூடு நடக்கும் என்று ஊரே அஞ்சியிருந்த மாலையில், ஜெபம் முடிந்து வெளியே வந்தவர்களோடு ஏறத்தாழ 70,000 பேர் மெழுகுவர்த்தி ஏந்தி, ‘வன்முறை வேண்டாம்’ என்று முழங்கி நடந்தார்கள். ஒரு குண்டும் சுடப்படவில்லை. சரியாக ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது. அந்த மாற்றத்துக்கு ஆயிரம் பொருளாதார, அரசியல் காரணங்கள் உண்டு என்பதை வரலாறு நடத்தியவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்த இரவு இரத்தமின்றிக் கழிந்ததற்கு ஏழு ஆண்டுகள் விடாமல் நடந்த திங்கட்கிழமைகளும் ஒரு காரணம்.

குவாத்தமாலாவின் 36 ஆண்டு உள்நாட்டுப் போரில் எதிரெதிர்த் தரப்பினரை 1990-இல் ஒஸ்லோவில் ஒரே மேசையில் அமரவைத்ததில் லுத்தரன் கூட்டமைப்புக்குப் பங்குண்டு. 1996 டிசம்பரில் குவாத்தமாலாவில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. லைபீரியாவில் 1990-இல் ஒரு லுத்தரன் ஆலயத்துக்குள் அடைக்கலம் புகுந்திருந்த நூற்றுக்கணக்கானோரைப் படையினர் கொன்றார்கள். அந்த நாட்டில்தான் லேமா குபோவி என்ற லுத்தரன் பெண், 2003-இல் கிறிஸ்தவப் பெண்களையும் முஸ்லிம் பெண்களையும் வெள்ளை உடையில் ஒன்றாக அமரச் செய்து, போரிட்டவர்களைப் பேச்சுக்கு இழுத்து வந்தார். 2011-இல் நோபல் சமாதானப் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

இவ்வளவையும் நான் எழுதுவது ஒரு கோரிக்கைக்காக. 1968 டிசம்பர் 25 அன்று இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில், கூலியாகக் கூடுதல் நெல் கேட்டுச் சங்கமாகத் திரண்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 தலித் மக்கள் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். வழக்கில் நிலக்கிழார்கள் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். அதன்பின் அந்தப் பகுதிக்கு வந்து, அறவழியில் நிலத்தை மீட்டு உழைப்பவர்கள் பெயரில் எழுதிவைக்கப் பாடுபட்டவர்கள் காந்தியவாதிகளான ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும். 1981-இல் அவர்கள் தொடங்கிய லாப்டி அமைப்பின் வேலை நாகை வட்டாரத்தில் எல்லாரும் அறிந்தது. ஆண்டுதோறும் டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணி நினைவிடத்தில் இடதுசாரித் தோழர்கள் கூடுகிறார்கள். அதே நாளில் டெல்டாவின் எல்லாக் கிறிஸ்தவ ஆலயங்களிலும் ‘பூமியிலே சமாதானம்’ என்று பாடப்படுகிறது. அண்டை வீட்டார் அழைப்பில் பல ஆண்டுகள் அந்த ஆராதனைகளில் பின் இருக்கையில் அமர்ந்திருக்கிறேன். பிரசங்கங்களில் பெத்லகேமின் மாட்டுக்கொட்டகையும் ஏரோதின் வாளால் மடிந்த குழந்தைகளும் வந்திருக்கின்றன. பேருந்தில் போய்வரும் தூரத்திலுள்ள கீழ்வெண்மணி, நான் கேட்ட எதிலும் வந்ததில்லை.

டெல்டாவிலுள்ள லுத்தரன் சபைகள் இந்தக் கிறிஸ்துமஸ் முதல் தங்கள் பொது ஜெபத்தில், நினைவிடத்துக் கல்லில் பொறித்துள்ள அந்த 44 பெயர்களையும் வாசிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். இதற்குப் பணமோ கட்டடமோ தேவையில்லை. நான்கு நிமிடம் போதும். சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள குருகுல லுத்தரன் இறையியல் கல்லூரி, தலித் இறையியலுக்கென்று தனித் துறையே கண்டு பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அங்கே கற்ற போதகர்கள் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் படித்தது கீழ்ப்பாக்கத்திலிருந்து கீழ்வேளூர் வந்துசேர இவ்வளவு காலம் ஆக வேண்டியதில்லை.

இதற்கு எழக்கூடிய ஆட்சேபங்கள் எனக்குத் தெரியும். கீழ்வெண்மணி ஒரு கட்சியின் நினைவு நாள், சபைக்கு அங்கே என்ன வேலை என்பார்கள். இறந்த குழந்தைகள் எந்தக் கட்சியின் உறுப்பினர்களும் அல்லர். இன்னொரு தயக்கம் உண்மையிலேயே கனமானது: சிறுபான்மைச் சமூகம் ஒன்று, அதுவும் தன் ஆராதனைகளுக்கே சில இடங்களில் எதிர்ப்பைச் சந்திக்கும் காலத்தில், நில உடைமையாளர்களையும் சாதித் தலைவர்களையும் சங்கடப்படுத்தும் ஒரு செயலை ஏன் மேற்கொள்ள வேண்டும்? அந்த அச்சத்தை வெளியிலிருந்து நான் அலட்சியப்படுத்த மாட்டேன். சபையிலும் இருதரப்புச் சாதியினரும் இருக்கிறார்கள். பெயர்களை வாசித்த மறு ஞாயிறு சில இருக்கைகள் காலியாகவும் கூடும். 1984-இல் புடாபெஸ்டில் கூடியவர்களுக்கும் இந்தக் கணக்கு தெரிந்தேதான் இருந்தது. பெயர் வாசிப்பதோடு எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்தப் பக்கம் இடம், சபை நிலத்தில் உழுபவருக்கு என்ன கூலி என்ற கேள்விகள் அதன் பின்னால் வரிசையில் நிற்கும், அதுவும் நல்லதே.

இன்னும் ஒன்று. 2033 டிசம்பரில் ஆரோன் குருப்பட்டம் பெற்ற 300-ஆம் ஆண்டு வருகிறது. மலரும் நினைவுத்தூணும் தபால்தலைக் கோரிக்கையும் இப்போதே யாராவது திட்டமிட்டிருப்பார்கள். அந்த விழாவில் ராஜநாயக்கனின் பெயரும் அதே அளவு எழுத்தில், பட்டம் மறுக்கப்பட்ட காரணத்தோடு பொறிக்கப்பட வேண்டும். அதைச் சபை தானாகச் செய்தால் பெருமை. வரலாற்று ஆசிரியர்கள் கேட்டுச் செய்தாலும் குறைவில்லை.

தங்கள் நாளிதழ் தரங்கம்பாடிக்கு அடுத்த முறை செய்தியாளரை அனுப்பும்போது, கோட்டையோடு நிறுத்தாமல், சபைப் போதகர்களையும், சபையிலுள்ள தலித் பெண்களையும், கீழ்வெண்மணி நினைவிடத்தைப் பராமரிப்பவர்களையும் சந்தித்துவரச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். இக்கடிதத்துக்குச் சபையினரிடமிருந்து மறுப்போ விளக்கமோ வருமானால், அதைச் சுருக்காமல் இதே பகுதியில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
மயிலாடுதுறை மாவட்டம்.